நலமா என்று கேட்ட பெட்டி

டிக்.

முதலில் அந்தச் சத்தம்தான். ஆள் தெரியவில்லை. மெஷின்களை அடுக்கிய ரேக்கின் பின்பக்க டியூப்லைட் போய்ப் பத்து நாளாகியிருந்தது. கேபிளை அதன் ஓட்டையில் சொருகினால் டிக் என்று கேட்கும். கேட்டால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். கண் செய்யவேண்டிய வேலையை இருட்டில் காது செய்துகொண்டிருந்தது.

ஆரோக்கியசாமி இரண்டாவது கேபிளையும் தடவி எடுத்துச் சொருகினான். அந்த நொடி பார்த்துச் சட்டைப்பையில் போன் அலறியது.

முதலாளி கோமதிநாயகம். நாற்பத்திரண்டு பஸ்ஸுக்குச் சொந்தக்காரர். அதற்கு முன்னால் இருபது வருஷம் டிரைவர். அதனால் போனிலும் ஹாரன் அடிக்கிற குரல்.

"என்னய்யா ஆரோக்கியம், வண்டி ரெடியா?"

"ரெடி மொதலாளி. பாலாறுக்கு மட்டும் தூசி எடுத்துட்டிருந்தேன். மாட்டியாச்சு."

"பத்து மணிக்குப் பொங்கல் புக்கிங் தொறக்கிறோம். போன வருசம் நாலாவது நிமிசத்துல சைட்டு படுத்துச்சு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மொதலாளி."

"இந்த வருசமும் படுத்துச்சுன்னா மெட்ராஸ் கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துருவேன். நீ பழையபடி ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போயிரு. சாவி உங்கிட்டதான இருக்கு?"

சாவி அவன் அரைஞாண் கயிற்றிலேயே கிடந்தது. ஒன்றரை வருஷமாக அந்த ஷெட்டுக்குள் அவன் கால் வைக்கவில்லை. கழற்றவும் இல்லை.

"இருக்கு மொதலாளி."

"அப்ப சரி. சாமி கும்பிட்டுக்க." வைத்துவிட்டார்.

திருச்சியில், பஸ் ஷெட்டுக்கு மேலே ஒரு மாடி அறை. அதில் நான்கு மெஷின்கள். பொருநை, வைகை, நொய்யல், பாலாறு என்று பெயர். வெப்சைட் இந்த நான்கில்தான் ஓடியது. எந்த பஸ்ஸில் எந்த சீட் யாருக்கு என்ற விவரம் முழுவதும் உள்ளே தனியாக இருந்த பெரிய மெஷினில். நான்குக்கும் பின்பக்கம் இரண்டிரண்டு கேபிள். ஒன்று டிக்கெட் எடுக்க ஆட்கள் வரும் வாசலுக்கு, ஒன்று உள்ளே பெரிய மெஷினுக்கு.

வாசலில் ஒரு பெட்டி. அதுதான் ஆரோக்கியம் கட்டியது. கழித்துப் போட்ட மெஷின் ஒன்றுக்கு உயிர் கொடுத்து, வருகிற ஆட்களை நான்கு மெஷினுக்கும் பிரித்து அனுப்புகிற லோடு பேலன்சராக ஆக்கியிருந்தான். முதலாளிக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது. "லோடு தெரிஞ்சவன்யா நானு, லாரி ஓட்டுனவன்" என்பார்.

பதினோரு வருஷம் ஷெட்டில் ஜெனரேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையளவு போனில் படித்துக் கற்றவன் ஆரோக்கியம். மெஷின் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த சபூரா ஒருநாள் டீசல் கேட்க வந்தவள், அவன் படிப்பதை எட்டிப் பார்த்தாள். மறுநாள் மேலே கூப்பிட்டுக்கொண்டாள். அவளுக்கு முப்பத்தொன்று, அவனுக்கு நாற்பத்தேழு. அவன் அவளை டீச்சர் என்றான். அப்படிக் கூப்பிடாதீங்கண்ணே என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். மற்ற எதிலும் அவள் பேச்சைத் தட்டாதவன் இதில் மட்டும் தட்டினான்.

பெட்டி கட்டத் தொடங்கிய புதிதில் அவன் கேட்டான்: "டீச்சர், வர்ற ஆளுங்களை நாலு மெஷினுக்கும் சமமா பிரிச்சுக் குடுத்தா போதும்ல? உனக்கொண்ணு, உனக்கொண்ணுன்னு?"

சபூரா அவனைக் கீழே டிக்கெட் கவுன்டருக்குக் கூட்டிப்போனாள். நான்கு கவுன்டர், நான்கு வரிசை, வரிசைக்கு ஏழு பேர். சமம்தான். முதல் வரிசையின் தலையில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் முப்பத்தெட்டுப் பேருக்கு டிக்கெட் கேட்டு, ஒவ்வொரு பெயராக யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஆறு பேரின் முகத்தையும் ஆரோக்கியம் பார்த்தான்.

"போதும் டீச்சர்" என்றான்.

மேலே வந்து பெட்டிக்குப் புது விதி எழுதினான். எந்த மெஷின் கையில் வேலை குறைவாக இருக்கிறதோ, அடுத்த ஆள் அதற்கு.

இன்று ஒன்பது மணிக்கு சபூரா டிபன் கேரியரோடு படியேறி வந்தாள்.

"சாப்டாச்சாண்ணே?"

"ஆச்சு டீச்சர்."

முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அவன் வயிற்றில் இரண்டு டீ மட்டும் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் வேறு பதில் கிடையாது. மூன்று நாள் பட்டினி கிடந்தவனும் ஆச்சு என்றுதான் சொல்வான். வாய் தானாகச் சொல்லிவிடும். வயிற்றைக் கலந்துகொள்வதில்லை.

சபூரா கேரியரை மேசையில் வைத்தாள். திரையைப் பார்த்தாள். நான்கு பெயர், நான்கு பச்சைப் புள்ளி.

"கவுன்டர்ல ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கான். அடுத்த ஆள் அவன்கிட்டதான் போகும், இல்லையா?"

"ஆமா டீச்சர்."

"அவன் வேலைய முடிச்சுட்டு சும்மா இருக்கானா, வேலையே தெரியாம சும்மா இருக்கானா?"

ஆரோக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். பதில் கைவசம் இருந்தது.

"அதுக்குத்தான் டீச்சர் கேக்க வச்சிருக்கேன். அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா பெட்டி ஒவ்வொரு மெஷினையும் நலமான்னு கேக்கும். பதில் வந்தா பச்சை. வரலன்னா செவப்பு. செவப்புக்கு ஆள் போகாது."

"என்ன பதில் வரும்?"

ஆரோக்கியத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. "ஆரோக்கியம்னு வரும்."

சபூரா வாய்விட்டுச் சிரித்தாள். "கையெழுத்து போட்டுட்டீங்களாக்கும்!"

"அர்த்தமும் சரியாத்தான டீச்சர் இருக்கு?"

"அர்த்தம் சரிதான்" என்றாள். "பதில் சொல்றது யாரு?"

"மெஷின்தான்."

"ம்" என்றாள் சபூரா. அந்த 'ம்' அவனுக்குள் ஒரு முள்ளாகக் கிடந்தது. எடுத்துப் பார்க்க நேரமில்லை. மணி ஒன்பது ஐம்பது.

வெளியே ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். திரையில் எண் ஓடியது. மூவாயிரம். ஐயாயிரம். சென்னையிலும் பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் பொங்கலுக்கு ஊருக்கு வரப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏழாயிரத்து நானூறு.

பத்து.

மெஷின்களுக்குள் மின்விசிறிகள் முனகின. முனகல் உறுமலாயிற்று. நான்கு மெஷினும் மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறும் லாரிகள் போல இரைந்தன. ரேக் நடுங்கியது. மேசையில் இருந்த டிபன் கேரியரின் மூடி கிலுகிலுவென்று ஆடியது. அறையின் சூடு முகத்தில் அடித்தது.

"போகுது டீச்சர்! போகுது!"

முதல் நிமிடம். பொருநை, வைகை, நொய்யல், பாலாறு நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டாவது நிமிடம். மூன்று. போன வருஷம் செத்த நாலாவது நிமிடம் வந்தபோது ஆரோக்கியம் மூச்சை விடவில்லை. தாண்டியது. ஐந்து! தொடையில் ஓங்கித் தட்டினான். இருக்கையைவிட்டு எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதன் அப்படிக் குதிப்பதைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். சபூரா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறாவது நிமிடம், இரைச்சல் குறைந்தது.

சட்டென்று இல்லை. வண்டி மேட்டிலிருந்து சமதளத்துக்கு வந்த மாதிரி. உறுமல் முனகலாயிற்று. முனகல் மூச்சாயிற்று. கேரியர் மூடி ஆடுவதை நிறுத்தியது.

ஆரோக்கியம் திரையைப் பார்த்தான். நான்கும் பச்சை. பாலாற்றின் எண் மட்டும் ராக்கெட் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

"பாருங்க டீச்சர், பாலாறு ஓடுது! மத்தது ஒரு ஆளை அனுப்புறதுக்குள்ள இது நூறு பேரை அனுப்பிடுது! காலையில தூசி எடுத்தேன்ல, அதான்! வறண்ட ஆறுன்னு எல்லாரும் கிண்டல் பண்ணீங்க. இப்பப் பாருங்க வெள்ளத்தை!"

"என்ன குடுத்து அனுப்புது?" என்றாள் சபூரா.

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. புரிவதற்குள் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். முதலாளி கோமதிநாயகம் மேல்மூச்சு வாங்க உள்ளே வந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் அவிழ்ந்த வேட்டி நுனி. வந்தவர் வாசலிலேயே நின்று காதைத் தீட்டினார்.

"என்னய்யா, சத்தத்தைக் காணோம்?"

"நல்லா ஓடுது மொதலாளி. பாரம் கொறஞ்சிருச்சு."

"யோவ், மேட்டுல போற வண்டி திடீர்னு சத்தம் கொறஞ்சா ரெண்டுதான்யா அர்த்தம். ஒண்ணு எறக்கம். இல்ல, டீசல் தீந்துருச்சு. இது எறக்கமா, டீசலா?"

போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார். வெப்சைட்டில் ஒரே ஒரு வரி. 'மன்னிக்கவும். சிறிது நேரம் கழித்து வரவும்.'

"என் மச்சினன் ஓசூர்ல இருந்து பத்து தடவ அமுக்கிட்டான். பத்து தடவையும் மன்னிக்கவும்! மன்னிக்கிறதுக்கு நான் என்ன பாதிரியாரா? கீழ கவுன்டர் போனெல்லாம் கத்துது. மெட்ராஸ்காரனுக்குப் போன் போடட்டுமா?"

ஆரோக்கியத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி சில்லென்று இருந்தது.

"அஞ்சு நிமிசம் குடுங்க மொதலாளி."

"அஞ்சு. கடிகாரம் பாத்துக்கிட்டேதான் நிப்பேன்."

ஆரோக்கியம் விசைப்பலகையில் விழுந்தான். பொருநை, பச்சை. வைகை, பச்சை. நொய்யல், பச்சை. பாலாறு, எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று பச்சை. மூன்று மெஷின் சும்மா கிடந்தது. ஒன்று பறந்தது. வெளியே ஒன்பதாயிரம் பேர் நின்றார்கள். ஒருவருக்கும் சீட் இல்லை. அவன் கண்ணில் நீர் முட்டியது.

"டீச்சர், எதுக்கோ உடம்பு சரியில்ல. எதுக்குன்னு தெரியல. கேட்டா நாலும் ஆரோக்கியம், ஆரோக்கியம்னுதான் சொல்லுது. எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?"

சபூரா மேசைப் பக்கம் திரும்பினாள். கேரியரைத் திறந்தாள். மேல் தட்டில் இடியாப்பம். கீழே தேங்காய்ப்பால். இரண்டையும் எடுத்து அவன் விசைப்பலகைமேல் வைத்தாள்.

"சாப்பிடுங்கண்ணே."

"டீச்சர்!"

"சாப்பிடுங்க."

"ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் முதலாளி. "ஊரே பத்தி எரியுது, நீ பந்தி வைக்கிற?"

சபூரா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அதான் காலையிலேயே ஆச்சுன்னு சொன்னேனே டீச்சர்!"

"சொன்னீங்க. ஒரு வாய்."

வாதாட நேரமில்லை. ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டால் விட்டுவிடுவாள் என்று அவன் பிட்டான். பாலில் நனைத்து வாயில் வைத்தான். கண் திரையில் இருந்தது. கை திரும்பப் போனது. இன்னொன்று. மறுபடி கை போனது. யாருடைய கை என்று தெரியாமல் அது போய்வந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் ஆகியிருக்காது. விரல் தட்டின் அடியில் இடித்தது.

ஆரோக்கியம் குனிந்து பார்த்தான். ஆறு இடியாப்பம் இருந்த தட்டு. இப்போது வெறும் தட்டு.

சபூரா தட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

காலிலிருந்து தலைவரை அவனுக்குப் புல்லரித்தது.

"ஐயையோ" என்றான். "நான் மெஷினோட வாய்கிட்ட நலமான்னு கேட்டிருக்கேன்!"

"என்னய்யா உளறுற?" என்றார் முதலாளி. "நாலு நிமிசம்தான் பாக்கி."

ஆரோக்கியம் தட்டை மேசைக்குத் தள்ளிவிட்டுக் கையை லுங்கியில் துடைத்தான். பெட்டியின் விதியைத் திறந்தான். நலமா என்று கேட்கிற வரியை அழித்தான். அந்த இடத்தில் வேறொன்று எழுதினான். தட்டும்போதே சத்தம் போட்டுப் படித்தான்:

"பதிமூணாம் தேதி. ராத்திரி எட்டு மணி நாகர்கோவில் வண்டி. ஒண்ணாம் நம்பர் சீட் காலியா, இல்லையா? சொல்லு."

"அது என் மாமியாருக்குப் போட்டு வச்ச சீட்டுய்யா" என்றார் முதலாளி.

"அதுதான் வேணும் மொதலாளி. உள்ள போய்ப் பாத்துட்டு வந்தவனுக்குத்தான் அது தெரியும்."

பெட்டியை அந்தக் கேள்வியோடு மறுபடி ஓட விட்டான்.

ஐந்து செகண்டு. பொருநை: இல்லை. வைகை: இல்லை. நொய்யல்: இல்லை.

பாலாறு வாயே திறக்கவில்லை.

பாலாற்றின் பச்சைப் புள்ளி ஒருமுறை மினுக்கியது. சிவந்தது.

அந்த நொடியே பெட்டி அங்கே ஆள் அனுப்புவதை விட்டது. ஒன்பதாயிரம் பேரும் மற்ற மூன்றின்மேல் திரும்பினார்கள். மூன்று மின்விசிறிகளும் ஒரே மூச்சில் உறுமின. ரேக் நடுங்கியது. காலித் தட்டு மேசையில் ஆடத் தொடங்கியது.

"மேடு!" என்று கத்தினார் முதலாளி. "யோவ், மேடு ஏறுதுய்யா!"

ஆரோக்கியம் ரேக்கின் பின்னால் ஓடினான். இருட்டு. பாலாற்றின் முதுகைத் தடவினான். வாசல் கேபிள் உறுதியாக இருந்தது. அதனால்தான் கேட்டபோதெல்லாம் பதில் சொல்லியது. இரண்டாவது ஓட்டையில் விரல் வைத்தான். விரல் உள்ளே போனது. உள்ளே பெரிய மெஷினுக்குப் போகிற கேபிள், ஒரு விரற்கடை தள்ளி, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

போன் அலறியது ஞாபகம் வந்தது. ஒரு டிக்தான் கேட்டான். இரண்டாவது டிக் கேட்கவில்லை. ஒட்டிக்கொண்டு மட்டும் நின்றிருந்த கேபிள், ஐந்து நிமிட நடுக்கத்தில் நழுவிவிட்டது. அதன்பிறகு பாலாறு சீட் விவரத்தையே பார்க்க முடியாமல், வந்தவரையெல்லாம் மன்னிக்கவும் என்று சொல்லி அடுத்த நொடி அனுப்பிவிட்டது. வேலை செய்யாதவன் கை எப்போதும் காலி. காலிக் கைக்கு ஆளைத் தள்ளு என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்.

அழுத்தினான்.

டிக்.

கொஞ்ச நேரம் அப்படியே இருட்டில், ரேக்கில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் நான்காவது மின்விசிறி மெல்ல எழுந்து, மற்ற மூன்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

பத்தேமுக்காலுக்கு எல்லா பஸ்ஸும் நிறைந்துவிட்டது. மச்சினனுக்கு ஜன்னலோரம் கிடைத்த செய்தி வந்ததும் முதலாளி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஆரோக்கியத்திடம் கையை நீட்டினார்.

"எடு."

"என்ன மொதலாளி?"

"ஷெட் சாவி. வேற ஆளுக்குக் குடுக்கணும்."

அரைஞாண் கயிற்றின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவிழ்க்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. சாவியை வாங்கிக்கொண்டு முதலாளி இறங்கிப் போனார். பாதிப் படியில் நின்று, "அந்த டியூப்லைட்டை மாத்துங்கய்யா மொதல்ல!" என்று ஒரு ஹாரன் அடித்தார்.

அறையில் இருவர் மட்டும். மெஷின்களின் இரைச்சல் இப்போது சமதளத்தில் போகும் வண்டியாகியிருந்தது. நிஜமான சமதளம். சபூரா பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியம் டிபன் கேரியரைக் கழுவ எடுத்தான். எடுத்தவன் நின்றான். இரண்டே தட்டு. ஒரு ஆளுக்கான இடியாப்பம். ஒரு ஆளுக்கான பால்.

"டீச்சர், நீங்க சாப்டாச்சா?"

"ஆச்சுண்ணே" என்றாள் சபூரா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் படியிறங்கிப் போனான். கால்மணி நேரம் கழித்து வந்தான். வாழையிலையில் கட்டிய பொட்டலம் ஒன்றை அவள் விசைப்பலகைமேல் வைத்தான்.

சபூரா நிமிர்ந்தாள். "அதான் ஆச்சுன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க டீச்சர்" என்றான் ஆரோக்கியம். "ஒரு வாய்."

சபூரா அவனையே பார்த்தாள். பிறகு பொட்டலத்தின் நூலைப் பிரித்தாள்.

அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூலையில் பிளாஸ்டிக் வாளி இருந்தது. காலையில் பாலாற்றிலிருந்து கழற்றிய ஃபில்டர் அதில் ஊறிக்கொண்டிருந்தது. சம்மணமிட்டு உட்கார்ந்தான். பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்தான். விட்ட இடத்திலிருந்து தூசியைத் தேய்க்க ஆரம்பித்தான்.